நகரத் திட்டமிடலுக்கு ஜிஐஎஸ், தொலையுணர்வு: தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தொலையுணர்வு என்றால் செயற்கைக்கோள் போன்றவற்றிலிருந்து தரையைப் படமெடுத்து அளப்பது, ஜிஐஎஸ் என்றால் அந்தப் படங்களையும் மற்ற இடத் தரவுகளையும் வரைபடத்தில் லேயர் லேயராக அடுக்கி ஆராயும் கணினி முறை. செயற்கைக்கோள் படத்தை முதலில் இறக்கிவிட்டு, சரி இதை வைத்து என்ன செய்யலாம் என்று அப்புறம் யோசிப்பவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் போனால் கண்ணுக்கு அழகான வண்ண வரைபடம் ஒன்று கிடைக்கும், ஆனால் அதைப் பார்த்து யாரும் ஒரு வடிகாலைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். நகரத் திட்டத்துக்காக இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்றால் முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள், அதற்கு எந்த எண் வேண்டும், அந்த எண் எவ்வளவு தவறாக இருந்தால் முடிவே மாறிவிடும்? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும்.

க்யூஜிஐஎஸ் போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து லேயர் சேர்க்கத் தெரிந்திருந்தால் போதும். எந்த பட்டனை அழுத்துவது என்று சொல்லப் போவதில்லை, அது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். எதை, ஏன் செய்ய வேண்டும் என்பது மாறாது.

1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"நகரம் எப்படி வளர்கிறது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கடந்த பத்து ஆண்டுகளில் நகர எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் எத்தனை ஹெக்டேர் விளைநிலம் கட்டடமானது, அதில் வெள்ளம் தங்கும் தாழ்வான இடம் எவ்வளவு" என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஆய்வுப் பரப்பு, காலம், நில வகைகள், கூடவே வேண்டிய தரவு எல்லாம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: படத்தில் தெரிந்தே ஆக வேண்டிய மிகச் சிறிய பொருள் எது? தனி வீடா, தெருவா, ஒரு குடியிருப்புப் பகுதியா? எந்தப் படம் வாங்குவது என்பது இதைப் பொறுத்ததுதான்.

பரப்பை நிர்வாக எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். நகரம் வேகமாக வளர்வது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான். பல நகரங்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் 2020-இல் ஐநா புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட முறை கைகொடுக்கும்: நிலத்தை 1 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 1,500 பேர் இருக்கும் கட்டங்கள் ஒட்டினாற்போல் சேர்ந்து மொத்தம் 50,000 பேரைத் தொட்டால் அது நகர மையம். யார் எங்கே எல்லைக்கோடு போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

2. படம் தேர்ந்தெடுப்பது

இலவசப் படங்களில் இரண்டை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். ஒன்று லேண்ட்சாட். முதல் லேண்ட்சாட் 1972-இல் போனது, 1980-களிலிருந்து 30 மீட்டர் பிரிதிறனில் (படத்தின் ஒரு பிக்சல் தரையில் பிடிக்கும் நீளம்) படங்கள் இருக்கின்றன, 2008 முதல் எல்லாமே இலவசம். இன்னொன்று சென்டினல்-2. 2015-இலிருந்து கிடைக்கிறது, நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பட்டைகளும் (ஒளியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக எடுக்கும் படம் ஒரு பட்டை, அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாத ஒளி) 10 மீட்டர், குற்றலை அகச்சிவப்பு 20 மீட்டர், இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை. முப்பது நாற்பது வருட வரலாறு வேண்டுமென்றால் லேண்ட்சாட்டை விட்டால் வேறு வழியில்லை. சமீப கால நகரத்தின் வடிவம் வேண்டுமென்றால் சென்டினல்-2.

10 மீட்டர் பிக்சல் என்றால் தரையில் 100 சதுர மீட்டர். ஒரு சின்ன வீடு, அதன் முற்றம், பக்கத்து மரம், தெருவின் ஒரு துண்டு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டிய பொருள் குறுக்கே இரண்டு மூன்று பிக்சலாவது பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் படத்தில் அதைத் தேடாதீர்கள். தனித்தனி வீடு வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கும் கீழான வணிகப் படமோ ட்ரோன் படமோதான் சரி.

பிரிதிறனைவிட முக்கியமானது இன்னொன்று. செயற்கைக்கோள் பார்ப்பது நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதை. அந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு பெரிய தகரக் கூரை கிடங்காக இருக்கலாம், பள்ளியாக இருக்கலாம், சந்தையாக இருக்கலாம். மேலே என்ன இருக்கிறது என்பது நிலப்போர்வை, எதற்குப் பயன்படுகிறது என்பது நிலப்பயன்பாடு. நகரத் திட்டம் பேசுவது முழுக்க இரண்டாவதைப் பற்றி. படத்தில் "கட்டடம்" என்று வந்ததை அப்படியே "குடியிருப்பு" என்று பெயர் மாற்றி அறிக்கையில் போட்டுவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு, அதற்கப்புறம் வரும் எல்லாக் கணக்கையும் அது கெடுத்துவிடும்.

இரண்டு வருடங்களை ஒப்பிடும்போது படங்கள் ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். மழைக்குப் பின் எடுத்த பழைய படத்தையும் கோடையில் எடுத்த புதிய படத்தையும் வைத்தால், காய்ந்த வயலெல்லாம் நகரமாகிவிட்டது போலத் தெரியும். மேகம் தொல்லை கொடுத்தால் இரண்டு மூன்று மாதப் படங்களைச் சேர்த்து ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுங்கள், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுளின் எர்த் எஞ்சினில் சில வரி நிரலில் முடிந்துவிடும்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். லேண்ட்சாட் 7-இல் 2003 மே கடைசியில் ஒரு கருவி பழுதானதால் அதற்குப் பின்னான படங்களில் கோடுகோடாக இடைவெளி இருக்கும், ஒரு படத்தில் சுமார் 22 சதவீதம் காணாமல் போகிறது. சென்டினல்-2-இல் 2022 ஜனவரி 25 முதல் பிக்சல் எண்களோடு 1,000 கூட்டிக் கொடுக்கிறார்கள். அதைக் கழிக்காமல் 2021-உடன் 2023-ஐ ஒப்பிட்டால் நகரமே மாறிவிட்டதுபோல் ஒரு போலி மாற்றம் வரும். எர்த் எஞ்சினில் "ஹார்மனைஸ்டு" என்ற பெயரில் இருக்கும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

3. ப்ரொஜெக்‌ஷன், அடிப்படை லேயர்கள்

பரப்பளவோ தூரமோ அளப்பதற்கு முன் எல்லா லேயரையும், வளைந்த பூமியைத் தட்டையாக விரித்து மீட்டரில் அளக்கும் ப்ரொஜெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். பூமியை மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையில் உங்கள் இடத்துக்கான மண்டலம் பெரும்பாலும் போதும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரும் மீட்டரில்தான் எண் காட்டும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்: 30 டிகிரி அட்சரேகையில் அது பரப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும், 60 டிகிரியில் நான்கு மடங்கு.

பிறகு சாலை, நீர்நிலை, நில உயரம், மக்கள்தொகை, உள்ளாட்சி எல்லைகள். சாலைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல தொடக்கம். ஆனால் அது தன்னார்வலர்கள் வரைந்தது, ஏழைகள் வாழும் பகுதிகளில் சந்து பொந்துகள் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம், படத்தின் மேல் வைத்துப் பார்த்து நீங்களே சேர்த்துவிடுங்கள். கிடைத்த ஒவ்வொரு லேயருக்கும் எந்த வருடத்துத் தரவு, யார் எடுத்தது, எந்த அளவுகோலில் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 2011 மக்கள்தொகையை 2024 கட்டடங்களால் வகுத்து அடர்த்தி என்று போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

4. வகைப்படுத்தல்

வகைப்படுத்தல் என்றால் ஒவ்வொரு பிக்சலும் கட்டடமா, தாவரமா, நீரா என்று பிரிப்பது. முதலில் பட்டைகளை வைத்துக் கணக்கிடும் குறியீடுகளைப் போட்டுப் பாருங்கள். தாவரத்துக்கு என்டிவிஐ: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. நீருக்குப் பச்சையும் குற்றலை அகச்சிவப்பும், கட்டடத்துக்குக் குற்றலை அகச்சிவப்பும் அண்மை அகச்சிவப்பும், அதே மாதிரி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நகரத்தின் எலும்புக்கூடு பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் கட்டடக் குறியீட்டை மட்டும் நம்பி ஒரு வரம்பு போட்டு "இதற்கு மேல் எல்லாம் நகரம்" என்று சொல்லிவிடாதீர்கள். காய்ந்த வெறும் மண், கல் குவாரி, உழுது போட்ட வயல் எல்லாமே அந்தக் குறியீட்டில் கட்டடம்போல உயர்ந்த மதிப்புக் காட்டும். நகர விளிம்பில் இந்தக் குழப்பம்தான் மிக அதிகம், நமக்கு வேண்டியதும் அந்த விளிம்புதான். இதற்கு நன்றாக வேலை செய்யும் வழி, வருடம் முழுவதுமான படங்களைப் பயன்படுத்துவது: வயல் ஒரு மாதமாவது பச்சையாகும், கட்டடம் பன்னிரண்டு மாதமும் அப்படியே இருக்கும். ஆகவே வருடத்தின் அதிகபட்ச என்டிவிஐயை ஒரு பட்டையாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் நன்றாகப் பிரியும். சென்டினல்-1 ரேடார் படத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது, சுவர்கள் ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும், தட்டையான மண் அப்படி அனுப்பாது.

அடுத்து பயிற்சி மாதிரிகள், அதாவது "இது கட்டடம், இது வயல்" என்று கணினிக்கு நீங்கள் காட்டிக் கொடுக்கும் இடங்கள். மாதிரிகளிலிருந்து கற்றுக்கொண்டு வகை பிரிக்கும் ரேண்டம் ஃபாரஸ்டோ வேறு எதுவோ, முறை எதுவானாலும் நீங்கள் கொடுக்கும் மாதிரியைவிட நல்ல விடை வராது. பளிச்சென்று தெரியும் நடு நகரத்தில் நாலு பெட்டி வரைந்து "கட்டடம்" என்று கொடுத்தால் கணினி நடு நகரத்தை மட்டும் கற்றுக்கொள்ளும். ஓட்டுக் கூரை, தகரம், கான்கிரீட், தார்ச்சாலை, மரத்துக்கடியில் பாதி மறைந்த வீடுகள், உயரக் கட்டடத்தின் நிழல் என்று ஒவ்வொன்றிலும் மாதிரி எடுங்கள். நிழல் படத்தில் தண்ணீர்போலக் கறுப்பாக இருக்கும். நகர நடுவில் திடீரென்று குட்டிக் குளங்கள் முளைத்திருந்தால் அது நிழலா என்று முதலில் பாருங்கள்.

5. சரிபார்ப்பு: இதைத் தாண்டிப் போகவே கூடாது

பயிற்சிக்குப் பயன்படுத்தாத புள்ளிகளை ஒவ்வொரு வகையிலும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, உயர் பிரிதிறன் படத்திலோ நேரில் போயோ பாருங்கள். அதற்கப்புறம் செய்ய வேண்டிய கணக்கை ஓர் உதாரணத்தோடு முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஆய்வுப் பரப்பு 100 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரைபடம் 20 சதுர கிலோமீட்டர் கட்டடம், 80 மற்றவை என்கிறது. இரண்டிலும் 100 புள்ளிகள் சோதிக்கிறீர்கள். "கட்டடம்" என்ற 100-இல் 85 உண்மையில் கட்டடம். "மற்றவை" என்ற 100-இல் 95 சரி, 5 கட்டடம். பரப்பால் எடை போட்டால் மொத்தத் துல்லியம் 93 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது பரப்பைத் திருத்துங்கள். 20-இல் 85 சதவீதம், அதாவது 17. 80-இல் 5 சதவீதம், அதாவது 4. ஆக உண்மையான கட்டடப் பரப்பின் மதிப்பீடு 21 சதுர கிலோமீட்டர். இந்த 21-இல் உங்கள் வரைபடம் பிடித்தது 17 மட்டும், ஐந்தில் ஒரு பங்கு கட்டடம் வரைபடத்திலேயே இல்லை. 100 புள்ளி மாதிரியின் நிச்சயமின்மையையும் கணக்கிட்டால் 95 சதவீத நம்பிக்கை வரம்பு கூட்டல் கழித்தல் சுமார் 3.7 வருகிறது. அதாவது கட்டடப் பரப்பு 17.3-க்கும் 24.7-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 93 சதவீதம் என்ற அழகான எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு அகலமான சந்தேகம் ஒளிந்திருக்கிறது. அறிக்கையில் போக வேண்டியது இந்த வரம்புதான். வரம்பு அகலம் என்றால் "மற்றவை" வகையில் இன்னும் அதிகப் புள்ளிகள் சோதியுங்கள், இந்த உதாரணத்தில் நிச்சயமின்மையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

6. மாற்றத்தை அளப்பது

தனித்தனியாக வகைப்படுத்திய இரண்டு வரைபடங்களைக் கழித்து மாற்றம் எடுப்பது எல்லோரும் செய்வது. ஒவ்வொன்றும் 90 சதவீதம் சரி, பிழைகளுக்குள் தொடர்பில்லை என்றால், இரண்டிலும் சரியாக இருக்கும் இடம் 81 சதவீதம்தான். பத்து வருடத்தில் நகரம் உண்மையில் வளர்ந்தது ஆய்வுப் பரப்பில் 5 சதவீதம் என்றால், பிழை அதைவிடப் பெரிது. அதனால் மாற்றத்தைத் தனி வகையாக வைத்து, இரண்டு வருடப் படங்களையும் ஒன்றாகக் கொடுத்து வகைப்படுத்துங்கள், சரிபார்ப்பையும் மாற்றத்துக்கென்று தனியாகச் செய்யுங்கள். "கட்டடம் மறுபடி வயலானது" என்று வரும் பிக்சல்களில் பெரும்பாலானவை பிழை, தரத்தை அளக்க நல்ல துப்பு.

வளர்ச்சியை ஓர் எண்ணாகச் சொல்ல ஐநாவின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்ற குறியீடு இருக்கிறது: நிலம் விழுங்கப்படும் வேகத்தை மக்கள்தொகை வளரும் வேகத்தால் வகுப்பது. கட்டடப் பரப்பு பத்து வருடத்தில் 40-இலிருந்து 56 சதுர கிலோமீட்டர் ஆனால் ஆண்டுக்கு 4 சதவீதம். மக்கள் 5 லட்சத்திலிருந்து 6 லட்சம் ஆனால், மடக்கை முறையில் ஆண்டுக்கு சுமார் 1.8 சதவீதம். விகிதம் சுமார் 2.2, மக்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் நகரம் பரவுகிறது. ஆனால் முன்பு கண்ட பிழை வரம்பை இந்த 40-க்கும் 56-க்கும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 2.2-ஐச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

7. திட்டத்துக்கு உதவும் பகுப்பாய்வுகள்

அணுகல். ஒரு பூங்காவைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டு "இதற்குள் இருப்பவர்களுக்கெல்லாம் பூங்கா இருக்கிறது" என்று சொல்வது தப்பு. நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ மதில் சுவரோ இருந்தால் 200 மீட்டரில் இருப்பவர் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும். சாலை வலையமைப்பின் வழியாக நடை தூரத்தைக் கணக்கிடுங்கள். திறந்தவெளிக்கு 400 மீட்டர், பேருந்து நிறுத்தத்துக்கு 500 மீட்டர், ரயில் போன்ற பெரிய போக்குவரத்துக்கு 1 கிலோமீட்டர் என்பவை ஐநா அளவீடுகள். கணக்கிடும்போது பூங்காவின் மையப் புள்ளியிலிருந்து தொடங்காமல் நுழைவாயில்களிலிருந்து தொடங்குங்கள். வலையமைப்புக் கணக்கில் வெளியே விழுந்து, வட்டத்தில் மட்டும் உள்ளே விழுந்த வீடுகளைத் தனி நிறத்தில் காட்டினால், எந்த இடத்தில் ஒரு நடைபாலம் போட்டால் எத்தனை பேருக்குப் பயன் என்பது வரைபடத்திலேயே தெரியும். எனக்குத் தெரிந்து ஜிஐஎஸ் நேரடியாகப் பயன் கொடுக்கும் இடம் இதுதான்.

வெப்பம். லேண்ட்சாட் 8, 9-இன் வெப்பப் பட்டையில் வரும் எண்ணை 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின், 273.15 கழித்தால் செல்சியஸ். எண் 45,000 என்றால் சுமார் 29.7 டிகிரி. ஆனால் அது தரையின், கூரையின் வெப்பம், மக்கள் உணரும் காற்றின் வெப்பம் வேறு. படம் எடுக்கப்படுவதும் காலை பத்து மணி வாக்கில், நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பது காற்றில் நன்றாகத் தெரிவதோ இரவில். கோப்பில் 30 மீட்டராகக் கொடுத்தாலும் கருவி அளந்தது 100 மீட்டரில், ஆகவே ஒரு தெருவை இன்னொரு தெருவோடு ஒப்பிட இது உதவாது. பூச்சில்லாத உலோகக் கூரைகள் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும், அதை நம்பித் தகரக் கூரைக் குடியிருப்புகளை "பிரச்சினை இல்லாத பகுதி" என்று ஒதுக்கிவிட்டால் பெரிய அநியாயமாகிவிடும்.

வெள்ளம். இலவச உயரத் தரவான எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதில் கூரைகளும் மர உச்சிகளும் சேர்ந்தே இருக்கின்றன. பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையையும் பழைய ஓடைகளின் போக்கையும் வரைய அது போதும், ஒரு தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் போதாது. அதற்கு லேசர் ஒளியால் உயரத்தை அளக்கும் லைடார் அளவீடு வேண்டும். வெள்ள நேரத்தில் மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் உதவும், அமைதியான நீர் அதில் கறுப்பாகத் தெரியும். நகரத்துக்குள் கவனம் தேவை: வழுவழுப்பான தார்ப் பரப்பும் கறுப்பாகத்தான் தெரியும், கட்டடங்களுக்கு நடுவில் தேங்கிய நீர் சில சமயம் எதிர்மாறாகப் பளிச்சென்று தெரியும்.

இட ஏற்புத்தன்மை. லேயர்களுக்கு எடை கொடுத்துக் கூட்டும் முறை எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. எடை போடுவதற்கு முன்பே நீர்நிலை, செங்குத்துச் சரிவு, பாதுகாக்கப்பட்ட நிலம் ஆகியவற்றை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் காரணத்தால் ஒரு ஏரியே "வீடு கட்ட ஏற்ற இடம்" என்று வந்து நிற்கும். எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். சின்ன மாற்றத்துக்கே தாவும் இடங்களைப் பரிந்துரைக்காதீர்கள்.

8. தரைக்குப் போங்கள்

வரைபடத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு, கணினிக்கு மிகவும் சந்தேகமாக இருந்த இடங்களுக்கு முதலில் போங்கள். அங்கே வாழ்பவர்களிடம் காட்டுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது, எந்தச் சந்து இரவில் மூடியிருக்கும் என்பதெல்லாம் எந்தப் படத்திலும் கிடையாது.

பட்டா இல்லாத குடியிருப்புகளை வரைபடமாக்கும்போது நூறு மடங்கு கவனம் வேண்டும். குடிநீர்க் குழாய் போட உதவும் அதே லேயர் அவர்களை அப்புறப்படுத்தவும் உதவும். தனி வீடு அளவிலான விவரத்தைப் பொதுவில் வெளியிடாமல் தெரு அளவில் தொகுத்துக் கொடுங்கள், எதற்காக எடுக்கிறோம் என்பதை அந்த மக்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

9. ஒப்படைக்கும்போது

முடிவெடுப்பவர் கையில் போகும் வரைபடம் ஒரு கேள்விக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கட்டும். படம் எடுத்த தேதி, பிரிதிறன், பிழை வரம்பு மூன்றும் வரைபடத்தின் மேலேயே இருக்க வேண்டும், பின்னிணைப்பில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. உறுதியில்லாத இடங்களைக் கோடிட்ட நிறத்தில் காட்டுங்கள்.

இரண்டும் வரைபட லேயரைச் சேமிக்கும் கோப்பு வடிவங்கள்தான், ஆனால் கோப்புகளை ஷேப்ஃபைலாகக் கொடுக்காமல் ஜியோபேக்கேஜாகக் கொடுங்கள். ஷேப்ஃபைல் பல கோப்புகளாகச் சிதறும், பத்து எழுத்துக்கு மேல் இருக்கும் பத்தித் தலைப்பை வெட்டிவிடும். வகைப்படுத்திய நிரல், பயிற்சி மாதிரிகள், சரிபார்ப்புப் புள்ளிகள் எல்லாவற்றையும் தேதியோடு கூடவே வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொருவர் இதே நகரத்தை அளக்க வரும்போது, உங்கள் வரைபடத்தைவிட அந்தப் புள்ளிகள்தான் அவருக்கு அதிகம் உதவும்.